தூக்காத கை

நல்லமுத்துவை நான் நேரில் பார்த்தது மூன்று தடவைதான். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி என்னைப் பெற்ற அத்தா பஷீர் சொன்னது. அத்தா பொதுவாகப் பழைய கதை பேசுகிறவர் இல்லை. யாராவது மேடையேறி நன்றாகப் பேசினார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் மட்டும் நல்லமுத்துவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பேசி முடித்த பிறகு அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நல்லமுத்து பினாங்குக்கு வந்தபோது வயது பத்தொன்பது. துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினார். கப்பலிலிருந்து தொங்காங் படகுகளில் இறங்கும் மூட்டைகளைத் தோளில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோகும் வேலை. இரண்டாவது வருஷமே மேலே அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து வலது காலில் விழுந்தன. எலும்பு கூடிற்று, ஆனால் கால் வளைந்தே கூடிற்று. இனி அவர் தோளில் யாரும் மூட்டை வைக்கமாட்டார்கள் என்று ஆகிவிட்டது.

எட்டு மாதம் அவரை உட்கார வைத்துச் சோறு போட்டவள் அவருடைய அக்கா சின்னம்மா. புருஷனை இழந்தவள். கிடங்குத் தரையில் சிந்தும் அரிசியைக் கூட்டி, கல் பொறுக்கிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. தனலெட்சுமி என்று பன்னிரண்டு வயதில் ஒரு மகள். மூன்று பேரும் பிராங்கின் ஆற்றுக்குப் பக்கத்தில் தொங்காங் லைன் என்று சொல்லப்பட்ட வீட்டு வரிசையில் ஒரே அறையில் இருந்தார்கள்.

சின்னம்மாதான் ஒரு நாள் வக்கீல் ஜெயராஜைப் போய்ப் பார்த்தாள். ஜெயராஜை அந்தக் காலத்தில் தெரியாத தமிழர் கிடையாது. கோட்டு போட்டவர், ஆனால் லைனுக்கு வந்தால் தரையில் உட்காருவார். பக்கத்தில் யார் என்ன சாதி என்று பார்க்காமல் சேர்ந்து சாப்பிடுவார். பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும், கூலிக்காரனும் சுத்தமான தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவர் பேசும்போது கேட்கிறவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அவர் வார்டுக் கமிட்டித் தேர்தலில் நின்றபோது, வாக்கில்லாத கூலிக்காரர்களெல்லாம் வாக்குள்ள கடைக்காரர்களின் வாசலில் போய் நின்று, "எங்களுக்காக அவருக்குப் போடுங்க" என்று கெஞ்சினார்கள். நல்லமுத்துவும் கோலை ஊன்றிக்கொண்டு பினாங்கு ஸ்திரீட்டு முழுக்க அலைந்தார். ஜெயராஜ் ஜெயித்தார். நல்லமுத்துவுக்கு அந்தக் கமிட்டி அறையிலேயே பங்கா இழுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார்.

கிழக்குக் கரை வார்டுக் கமிட்டி என்று அதற்குப் பெயர். குழாய், சாக்கடை, தெருவிளக்கு போன்ற காரியங்களை முடிவு செய்கிற ஏழு பேர். இன்றைக்கு அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவில் இல்லை. பீச் ஸ்திரீட்டில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் கூடுவார்கள். மின்சாரம் அந்தக் கட்டடத்துக்கு வரவில்லை. மேசைக்கு மேலே நீளமாகத் துணி தொங்கும். அதில் கட்டிய கயிற்றை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கமிட்டித் தலைவரான வெள்ளைக்காரத் துரை திரும்பிப் பார்ப்பார். அதைத் தவிர அந்த அறையில் யாரும் நல்லமுத்துவைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அத்தா அங்கே பியூன். நல்லமுத்துவைவிட மூன்று வயது சின்னவர். ஐந்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்திருந்ததால் புத்தக அலமாரிச் சாவி அவரிடம்தான் இருந்தது.

நல்லமுத்துவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒன்றை அவர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். எவ்வளவு பேசினாலும் கடைசியில் துரை "பேவர்" என்று ஒரு வார்த்தை சொல்வார். உடனே சில கைகள் எழும். பிறகு "எகெய்ன்ஸ்ட்" என்பார். வேறு கைகள் எழும். அவ்வளவுதான், காரியம் முடிந்தது. அதுவரை பேசிய பேச்செல்லாம் காற்றோடு போய்விடும், எழுந்த கை மட்டும் புத்தகத்தில் ஏறும். கூட்டம் கலைந்ததும் அத்தாவிடம், "தம்பி, இன்னைக்கு என்ன விஷயத்துக்குக் கை தூக்கினாங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்.

1909 ஆகஸ்ட் மாதம் தொங்காங் லைனுக்குக் குழாய் போடும் விஷயம் வந்தது.

லைனில் நாற்பது குடும்பத்துக்கு ஒரே கிணறு. அது ஆற்றுச் சாக்கடையிலிருந்து பத்தடி தூரம். கடல் ஏறும் நேரத்தில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். குழாய் போட்டால் அதைச் சுற்றிச் சிமெண்டுத் தரையும் வடிகாலும் வீட்டுச் சொந்தக்காரர் செலவில் கட்ட வேண்டும் என்று விதி. அதனால்தான் தகராறு. ஏழு பேரில் மூன்று பேர் வீட்டுச் சொந்தக்காரர்களின் பக்கம். துரையோடு சேர்த்து மூன்று பேர் குழாய் வேண்டும் என்ற பக்கம். மிச்சம் இருந்தது ஜெயராஜ். அவர் நம்ம ஆள். அதனால் ஜெயித்த மாதிரிதான் என்று லைனில் எல்லோரும் நினைத்தார்கள்.

இருந்தாலும் சின்னம்மா ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். டத்தோ கிராமட் பக்கம் குழாய் உள்ள லைன் ஒன்று இருந்தது. துறைமுகத்துக்குத் தூரம், ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர். "இந்தத் தடவையும் நமக்கு ஆள் இல்லேன்னு தெரிஞ்சா எல்லாரும் அங்கப் போயிடலாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். அங்கே கூலியாட்களுக்கு மேஸ்திரியாக இருந்த மண்டோரிடமும் பேசி முடித்தாயிற்று. லைனில் அவள் சொன்னால் கேட்பார்கள்.

கூட்டம் நடந்த பிற்பகலில் ஜெயராஜ் அரை மணி நேரம் பேசினார். அத்தா கதவோரம் நின்று கேட்டார். கிணற்றைப் பற்றி, குழந்தைகளைப் பற்றி, ஒரு நகரத்தின் மானம் எதில் இருக்கிறது என்பதைப் பற்றி. துரையே தலையாட்டினாராம். பிறகு "பேவர்" என்றார்.

மூன்று கைகள் எழுந்தன. ஜெயராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இரண்டு கையாலும் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எகெய்ன்ஸ்ட்." வேறு மூன்று கைகள். ஜெயராஜ் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றுக்கு மூன்று. பாதிக்கு மேல் வராவிட்டால் தள்ளுபடி என்பது கமிட்டி விதி. எழுத்தர் பேனாவை மையில் தோய்த்து எழுதினார். ஜெயராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அத்தாவுக்கு அந்தக் கண்ணாடி துடைத்தது கடைசி வரை மறக்கவில்லை.

நல்லமுத்து கோலை ஊன்றிப் படியிறங்கி வந்தார். கீழே தெருவில் லைன் ஆட்கள் முப்பது பேர் நின்றார்கள். முன்னால் சின்னம்மா, அவள் பக்கத்தில் தனலெட்சுமி.

"என்னா முத்து, குழாய் வருதா?"

"இல்லக்கா. தள்ளிட்டாங்க."

கூட்டம் ஒரு மாதிரி முனகியது. சின்னம்மா அசையவில்லை. "அத விடு. நம்ம ஆளு கை தூக்கினாரா?"

அந்த நேரம் பார்த்து ஜெயராஜ் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. நல்லமுத்து அண்ணாந்து பார்த்தார். ஜெயராஜ் பாதிப் படியில் நின்றுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, சைகை காட்டவும் இல்லை. சும்மா நின்றார்.

நல்லமுத்து திரும்பி அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "தூக்கினாருக்கா. அவருதான் முதல்ல தூக்கினாரு. மத்தவங்கதான் ஒத்துக்கல."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அத்தா பிற்காலத்தில் பல தடவை கேட்டிருக்கிறார். வேலை வாங்கிக் கொடுத்தவர் என்பதாலா? "அது மட்டும் இல்ல தம்பி. அத்தனை பேரும் அவரப் பத்தி எவ்ளோ நம்பிக்கையா நின்னாங்க. தூக்கலேன்னு சொல்ற வாய் எனக்கு வரல லா" என்பாராம்.

"அப்ப இருக்கலாம்," என்றாள் சின்னம்மா. "நமக்குன்னு ஒருத்தரு இருக்காரு. மறுபடியும் கொண்டு வருவாரு." லைன் ஆட்கள் ஜெயராஜைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டுவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போனார். டத்தோ கிராமட்டுக்கு யாரும் போகவில்லை.

அக்டோபர் மழையில் வாந்திபேதி வந்தது. முதலில் கிணற்றடி வீட்டில் ஒரு குழந்தை. ஒரு வாரத்தில் லைனைச் சுற்றிக் கயிறு கட்டி போலீஸ்காரரை நிறுத்திவிட்டார்கள். நல்லமுத்து அப்போது கமிட்டிக் கட்டடத்தின் பின்புறச் சாய்ப்பில் படுத்து எழுந்துகொண்டிருந்தார். அதனால் அவர் வெளியே மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபோது, நாற்காலியில் வைத்து இரண்டு பேர் சின்னம்மாவைத் தூக்கி வந்தார்கள். ஒரே வாரத்தில் பாதி ஆளாகியிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் கையை லேசாக ஆட்டினாள். கிட்டே வராதே என்றா, போய் வருகிறேன் என்றா, அவருக்குப் புரியவில்லை. அன்று மத்தியானமே செத்துப்போனாள். மழை நிற்பதற்குள் லைனில் பதினேழு பேர். தனலெட்சுமி பிழைத்துக்கொண்டாள். அவளை அடுத்த வீட்டுக்காரர்கள் சேர்த்துக்கொண்டு, பிறகு தங்கள் பையனுக்கே கட்டிவைத்தார்கள்.

நல்லமுத்து வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. அதுதான் அத்தாவுக்கு ஆச்சரியம். மாதம் இரண்டு கூட்டம், அதே ஸ்டூல், அதே கயிறு. ஆனால் டிசம்பரில் ஒரு நாள், நல்ல வெயில் நேரம், தெருவிளக்கு விஷயமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும்போது பங்கா நின்றுவிட்டது. துரை அதட்டினார். அத்தா ஓடிப்போய்ப் பார்த்தால் நல்லமுத்து கயிற்றைப் பிடித்தபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வேர்வை.

கூட்டம் முடிந்து மாடி காலியானதும் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை பேர் கை தூக்கினாங்க தம்பி?"

"ஆறு பேர். ஜெயராஜ் ஐயாவும் தூக்கினாரு. ஒருத்தர் வரல."

"ஏழு கை இருந்துச்சு."

"ஆறுண்ணே."

"அந்தக் கோடியில, காலி நாற்காலிக்குப் பக்கத்துல. வளையல் இல்லாத கை. மெலிஞ்ச கை."

அத்தா அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தார். அந்த நாற்காலியை அவர்தான் காலையில் துடைத்திருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கோடியைத் துடைக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஓதிக்கொண்டே துடைப்பாராம்.

அது ஒரு நாளோடு போகவில்லை. எதற்குக் கை தூக்கினாலும், பாலத்துக்கோ விளக்குக்கோ யாரோ துரைக்கு வழியனுப்பு உபசாரத்துக்கோ, அந்தக் கையும் கூடவே எழுந்தது. நல்லமுத்து பயந்து அலறவில்லை. எண்ணினார். ஒவ்வொரு தடவையும் எண்ணினார். கை கீழே இறங்கியதும் பின்னாலிருந்து யாரோ கேட்பது போல இருக்குமாம்: நம்ம ஆளு தூக்கினாரா? பட்டப்பகலில், அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற அறையில்.

ஒரு வருஷத்துக்குமேல் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் அத்தாவிடம் வந்து நின்றார். "தம்பி, அந்தப் புத்தகத்துல எல்லாம் எழுதியிருக்குமில்ல? ஜெயராஜ் ஐயா வந்த நாள்லருந்து எதெதுக்குத் தூக்கினாரு, எதெதுக்குத் தூக்கலன்னு?"

"இருக்கும்ணே. பேர் பேரா இருக்கும்."

"எனக்குப் படிச்சுச் சொல்லு. அவரு ஒரு நாள் மட்டும் தூக்காம இருந்தாரா, எப்பவும் அப்படித்தானான்னு எனக்குத் தெரியணும்."

எழுத்தர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் அலமாரியைத் திறந்து உட்காருவார்கள். அத்தா படித்துத் தமிழில் சொல்வார். நல்லமுத்து கண்ணை மூடிக் கேட்பார். அவர் கயிறு இழுத்த கூட்டங்கள்தான் எல்லாம். பேச்சு எப்படி இருந்தது என்று முகபாவத்தை வைத்தே அவருக்கு நினைவிருந்தது. "அன்னைக்கு மேசையைத் தட்டிப் பேசினாரே, அதா?" என்று கேட்பார். "ஆமாண்ணே, அதுதான். குதிரை லாயத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்க விஷயம். பேசினாரு. ஆனா 'வாக்களிக்கவில்லை'ன்னு இருக்கு."

பக்கம் பக்கமாக அதுதான் இருந்தது. வரவேற்பு, இரங்கல், கண்டனம், இதற்கெல்லாம் ஜெயராஜின் கை எழுந்திருந்தது. ஏழைகளுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதலாம் என்றால் எழுந்திருந்தது. யாராவது ஒரு சொந்தக்காரர் பையில் கைவிட வேண்டிவரும் என்றால் அருமையாகப் பேசிவிட்டு, வாக்களிக்கவில்லை. எதிர்த்தும் வாக்குப் போடவில்லை. அப்படிப் பதினொரு தடவை. "செலவில்லாததுக்கெல்லாம் தூக்கியிருக்காருண்ணே" என்று அத்தா சொன்னார்.

ஆனால் ஒரு பக்கத்தில் வேறு மாதிரி இருந்தது. கடைத்தெரு நிழலில் ரிக்‌ஷாக்காரர்கள் நிற்கக்கூடாது என்று ஒரு தீர்மானம். ஆறு பேர் ஆதரவு. எதிர்த்து ஒரே ஒரு கை, ஜெயராஜ். அதற்காக அவர் மேல் பலருக்குக் கோபம்கூட வந்தது. அத்தா அதைப் படித்ததும் நல்லமுத்து கண்ணைத் திறந்தார்.

"அப்ப நல்லவரா இவரு?"

அத்தா பக்கத்தைப் புரட்டினார்.

இன்னொரு பக்கத்தில் பதில் போல ஒன்று இருந்தது. குழாய் தள்ளுபடியானதற்கு அடுத்த கூட்டம். தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட ஒரு காலி மனையை ஒதுக்கும் தீர்மானம். கொண்டு வந்தவர் ஜெயராஜ். ஆதரவு நான்கு. அதில் மூன்று கைகள், குழாய் வேண்டாம் என்ற அதே மூன்று கைகள்.

நல்லமுத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜின் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்பதை அவர் அத்தாவிடம் ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறார்.

ஜெயராஜ் மறுக்கவில்லை. அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்; நல்லமுத்து உட்காரவில்லை.

"அந்த மூணு பேரும் மனைக்குக் கை தூக்கணும்னா நான் குழாய்க்குத் தூக்கக்கூடாது, முத்து. அதான் பேச்சு. பள்ளிக்கூடம் ஒரு தடவை விட்டா அந்த மனை போயிடும். குழாய அடுத்த வருஷம் கொண்டு வரலாம்னு இருந்தேன். மழையில அப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"கெணறு அங்கதானே ஐயா இருந்துச்சு. நீங்கதானே அதப் பத்திப் பேசினீங்க."

ஜெயராஜ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் தூக்கல. அது என் மேலதான். ஆனா தூக்கினாருன்னு சொன்னது நான் இல்லையே முத்து. நான் படியில நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். உன்ன அப்படிச் சொல்லச் சொன்னேனா?"

நல்லமுத்து வாசலுக்கு வந்து கோலை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நின்றாராம். கோல் கையிலேயே இருந்திருக்கிறது.

1911இல் மறுபடி தேர்தல் வந்தது. சரக்குக் கிடங்குக்குப் பக்கத்தில் தென்னோலைப் பந்தல் போட்டு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். முந்நூறு பேர் இருக்கும். வாக்குள்ளவர்கள் முன்னால் நாற்காலியில், லைன் ஆட்கள் பின்னால் நின்றுகொண்டு. ஜெயராஜ் அன்றும் நன்றாகப் பேசினார். தொங்காங் லைனைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் தழுதழுத்தது. "நான் போராடினேன். தோற்றேன். ஆனால் போராடினேன்" என்றார். சனம் கைதட்டியது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "நீங்க கை தூக்கல ஐயா."

எல்லோரும் திரும்பினார்கள். நல்லமுத்து கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். "நான் அந்த ரூம்புலதான் இருந்தேன். பங்கா இழுத்தேன். நீங்க கண்ணாடி தொடச்சீங்க. உங்க ஒரு கை போதும். தூக்கியிருந்தா நாலு. நீங்க தூக்கல."

அப்போது லைன் ஆட்கள் நடுவிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். தனலெட்சுமி. பதினைந்து வயது, இடுப்பில் கைக்குழந்தை.

"அன்னைக்குத் தூக்கினாருன்னு சொன்னது யாரு மாமா?"

"நான்தான்."

"அப்பப் பொய் சொன்னீங்களா, இப்பப் பொய் சொல்றீங்களா?"

"அப்ப."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலைவிட்டுப் போய்விட்டாள். அதோடு கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது. பொய்யன், எவனோ காசு கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கான் என்று சிலர் அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். ஜெயராஜ்தான் மேடையிலிருந்து இறங்கி வந்து விலக்கிவிட்டார்.

நாற்காலியில் இருந்தவர்களில் ஷேக் அலாவுதீன் என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர். அவர் வாக்குள்ளவர், எதையும் லேசில் நம்பாதவர். மறுநாள் காலையில் கமிட்டி அலுவலகத்துக்கு வந்து நின்றார். "வாக்கு உள்ளவன் கேட்டா புத்தகத்தக் காட்டணும்னு சட்டம் இருக்காமே. காட்டுங்க."

அதுவரை யாரும் கேட்டதில்லை. எழுத்தர் வழியில்லாமல் அத்தாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொன்னார். அத்தா வரியில் விரல் வைத்துப் படித்தார். 'திரு. ஜெயராஜ்: வாக்களிக்கவில்லை.' அலாவுதீன் முழுப் புத்தகத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். மத்தியானமாயிற்று. போகும்போது, "இந்த மனுசனுக்கு நான் மூணு வருஷமா இலவசமா விருந்து வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலத்துக்குள் பினாங்கு ஸ்திரீட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது.

தேர்தலுக்கு முன்னால் ஒரு கூட்டம் மிச்சம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஜெயராஜ் எழுந்து, தொங்காங் லைனுக்குக் குழாய் என்று தீர்மானத்தைத் தானே கொண்டு வந்தார். இந்தத் தடவை பேச்சே இல்லை. இரண்டு வரிதான். துரை "பேவர்" என்றார். ஜெயராஜின் கை எழுந்தது. நான்குக்கு மூன்று. குழாய் நிறைவேறியது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நல்லமுத்து கயிற்றை இழுத்துக்கொண்டேதான் இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று அத்தா சொன்னார். கூட்டம் முடிந்ததும், "இவ்ளோதானா தம்பி?" என்று கேட்டார். "ஒரு கை தூக்குறது இவ்ளோ லேசா?"

"இன்னைக்கு எத்தனை கைண்ணே?" என்று அத்தா கேட்டார், பயந்துகொண்டே.

"அஞ்சு."

ஜெயராஜ் ஜெயித்தார், முன்னைவிடக் குறைந்த வாக்கில். புத்தகத்தைக் கேட்டு வருகிறவர்கள் அதற்குப் பிறகு மாதத்துக்கு நாலைந்து பேராவது இருந்தார்கள். அவர் கண்ணாடி துடைப்பதும் குறைந்தது. ஆனால் பழைய மாதிரி அவரால் பேச முடியவில்லை. பாதியில் நிறுத்திவிடுவார். அவர் வாங்கிக் கொடுத்த மனையில் பள்ளிக்கூடம் எழும்பியது. நான் நான்காம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த நாளில் அத்தா என்னைப் பார்த்த பார்வை சந்தோஷமா வேறெதுவுமா என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

குழாய் வந்தபோது லைனில் பாதி வீடு காலி. கட்டடத்துக்கும் மின்சாரம் வந்து மேசைக்கு மேலே விசிறி சுற்ற ஆரம்பித்தது. நல்லமுத்துவுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அவர் கப்பல் ஏறி, பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள அக்கரைக்குப் போய், சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் புகைக்கூடத்துக் காவலாளியாகச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அத்தாவை அலுவலகத்திலேயே வந்து பார்த்துவிட்டுப் போவார். அங்கே கை தூக்குகிறவர்கள் யாரும் இல்லை, ஆனாலும் ரப்பர் ஷீட்டுகள் புகையில் வரிசையாகத் தொங்கும் இடத்தில் ஒன்று கூடுதலாகத் தொங்குகிற மாதிரி இருக்கிறது, தினம் எண்ணுகிறேன் என்று ஒரு முறை சொன்னாராம்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது 1928இல். எனக்குப் பதின்மூன்று வயது. மத்தியானம் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நின்றார். என் உம்மா தேத்தண்ணி கொடுத்தார், அவர் குடிக்கவில்லை.

"தனலெட்சுமி வந்திருந்தா தம்பி," என்றார் அத்தாவிடம்.

பதினேழு வருஷத்துக்குப் பிறகு, மகளின் கல்யாணத்துக்குச் சொல்ல அவளே தோட்டத்துக்கு வந்திருக்கிறாள். என் தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று கூப்பிட வந்தேன் என்றாளாம். இவர் அவள் காலில் விழாத குறையாக அழுது, "நான் பொய் சொல்லலேன்னா உங்கம்மா டத்தோ கிராமட்டுக்குப் போயிருப்பா" என்று சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'பொய்யின்னு அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும் மாமா'ங்கிறா."

அத்தா நிமிர்ந்து பார்த்தார்.

"'உங்க மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட சொன்னாங்க, தம்பி பொய் சொல்றான், அந்த மனுசன் தூக்கல, பாவம், வாய் வரல அவனுக்குன்னு. அப்ப ஏம்மா நாம போகலன்னு கேட்டேன். நான் கெளம்பினா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க, தம்பி பொய் சொன்னான்னு சொல்லணும், இத்தனை பேர் முன்னால அவனை எப்படிடீ விட்டுக்கொடுக்கிறது, மழை முடியட்டும், பார்ப்போம்னாங்க.' இப்படிச் சொன்னா தம்பி."

"நீங்களா சொன்னப்ப அந்தப் பந்தல்ல அவ ஏன் இதச் சொல்லல?" என்று அத்தா கேட்டார்.

"அத நானும் கேட்டேன். 'உங்க வாயால வரட்டும்னு நின்னேன் மாமா. வந்துச்சு. அதுக்கு மேல அங்க நிக்க முடியல'ன்னா."

தெருவில் ஐஸ் விற்கிறவன் மணியடித்துக்கொண்டு போனான். நல்லமுத்து ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"அக்கா தெரியாம செத்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "அதுவே தேவலாம் போல."

கல்யாணத்துக்குப் போனார். தாய்மாமன் ஸ்தானத்தில் நின்று சீராக ஒரு பட்டுத் துணியும் பத்து வெள்ளியும் வைத்தார் என்று தனலெட்சுமி பிற்பாடு எனக்குச் சொன்னாள். பந்தியில் உட்காராமல் வாசலிலேயே நின்று வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்தாராம். நான்கு வருஷம் கழித்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்தது தனலெட்சுமியின் மூத்த மகன். அத்தா சேதி கிடைத்து, முதல் கப்பலில் அக்கரைக்குப் போய், பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சாம்பலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்களாம். அத்தாவும் ஒரு வாளி வாங்கித் தெளித்துவிட்டு, தனலெட்சுமியோடு கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தார்.